ஒரு பக்கம் கோடு, ஒரு பக்கம் வெள்ளை

ஆறு மணி. சூலூர். ஆடி முடியப் போகிறது. காற்று முடியவில்லை.

பக்கத்துச் சந்தில் விசைத்தறிகள் ஓடுகின்றன. சத்தம் சுவர் வழியாக வந்து மேசைக்குள் இறங்குகிறது. பெட்டிக்குள் கலர் பென்சில்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன.

குடிக்கிற காலத்தில் கால்கள் செருப்பைத் தேடும் நேரம் இது.

இப்போது கை ஒரு பென்சிலைச் சீவுகிறது. சீவல் சுருண்டு விழுகிறது. அதையும் கொஞ்ச நேரம் பார்க்கிறேன்.

*

ரெக்கார்டு நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறிவியலுக்கு வைத்திருப்பது. ஒரு பக்கம் வெள்ளை, படம் வரைய. எதிர்ப்பக்கம் கோடு, எழுத.

வெள்ளையில் கலர் அடிக்கிறேன். கோட்டில் எழுதுகிறேன்.

சில நாள் ஒரு பக்கம் மட்டும் நிரம்புகிறது. சில நாள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அப்படி இருக்கும் பக்கங்களைக் கிழிப்பதில்லை. தேதி மட்டும் போடுகிறேன்.

*

இன்றைக்குக் கோலம். மனைவி போட்டுக் கொடுத்தது. 9 புள்ளி, 5 வரை, இடுக்குப் புள்ளி. பென்சிலால் மெல்லிசாக. சிக்குக் கோலம். கோடு புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் சேர்கிறது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி.

"இதுக்குள்ள அடிங்க. வெளிய போனாலும் ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். வாணலியில் கடுகு வெடிக்கிறது.

*

பச்சை. முனையைத் தாளில் வைக்கிறேன். இன்னும் அழுத்தவில்லை.

தாளுக்கு ஒரு சொரசொரப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, முனைக்குத் தெரிகிறது. மேடுகளில் நிறம் ஒட்டுகிறது. பள்ளங்கள் வெள்ளையாக நிற்கின்றன. இரண்டாம் முறை எதிர்த்திசையில் போனால் பள்ளங்களிலும் கொஞ்சம் இறங்குகிறது. மெழுகின் துகள் சுண்டுவிரலின் ஓரத்தில் சேர்கிறது.

ஓர் அறை நிரம்புகிறது.

மூச்சு எப்போது நிதானமானது என்று பார்க்கத் தவறிவிடுகிறேன். பார்க்கும்போது அது ஏற்கெனவே நிதானமாக இருக்கிறது.

*

வருகிறது.

முதலில் நாக்கின் பின்புறத்தில். பிறகு தாடையில். காரணம் ஒன்றும் இல்லை. தெருவில் யாரோ ஒரு பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். அவ்வளவுதான்.

ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய வேலை செய்திருக்கிறார். குடிக்க வேண்டும் என்கிற உந்துதல் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும் என்கிறார். அதோடு சண்டை போட வேண்டாம். அதற்குத் தீனியும் போட வேண்டாம். உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருந்தால் போதும்.

தாடையில் இருக்கிறது. தோளுக்குப் போகிறது. கை பச்சையைக் கீழே வைத்துவிட்டு மஞ்சளை எடுக்கிறது.

ஏறுகிறது. இன்னும் ஏறுகிறது.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள்.

அவள் காபி டம்ளரை வைக்கிற சத்தம் கேட்கிறது. தாடை தளர்ந்திருக்கிறது. எப்போது தளர்ந்தது?

*

கை.

நிறுத்திய புதிதில் மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளுகிறார். நடுவிலிருந்து வெளியே ஒரு சுருள் வரையச் சொல்கிறார். கை நடுக்கத்தை அளக்க உலகமெங்கும் வைத்தியர்கள் செய்யும் சோதனை அது. ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.

என் சுருளுக்குப் பற்கள் முளைத்திருக்கின்றன. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை என் சீட்டோடு சேர்த்து வைக்கிறார்.

*

எழுதி வைக்க வேண்டியது ஒன்று உண்டு. சத்தமாக.

நெடுநாள் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. கடைசி வாய்க்குப் பிறகு ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். 12-லிருந்து 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். உயிர் போவதும் உண்டு. மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் அதற்காகத்தான். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வைராக்கியத்தில் நிறுத்தக் கூடாது.

கலர் பென்சில் இதற்கெல்லாம் பிறகுதான்.

*

பழுப்பு நிறப் பென்சிலைத் தொடுவதில்லை.

நிறம் தெரிந்த கண் என்னுடையது. திருப்பூரில் சாய ஆலை லேபில் ஷேடு மேட்ச் பண்ணுவதுதான் பிழைப்பாக இருந்தது. பிராந்தியின் நிறத்துக்கு ரெசிபி எழுதச் சொன்னால் பார்த்த மாத்திரத்தில் எழுதுவேன். மஞ்சள் நிறைய. சிவப்பு கொஞ்சம். நீலம் ஒரு துளி.

அந்த நிறம் அதனுடையது அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. கரும்புக் கழிவுப் பாகில் காய்ச்சி எடுக்கும் சாராயம் தண்ணீர் நிறத்தில்தான் வருகிறது. கருக்கிய சர்க்கரையைச் சேர்த்து நிறம் ஏற்றுகிறார்கள்.

அதுவும் ஒரு சாய வேலை.

*

லேப். பீக்கரில் ஒரு துண்டு வெள்ளைத் துணி. பிப்பெட்டில் சாயம். உப்பு. 60 டிகிரி. பிறகு சோடா. காத்திருப்பு. அலசல், சோப்புக் கொதி, மறுபடி அலசல். இஸ்திரிச் சூட்டில் காய வைத்து, பையர் அனுப்பிய துண்டோடு சேர்த்து லைட் பாக்ஸுக்குள் வைப்பது.

பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கில் ஒரு முறை. கடைகளில் எரியும் விளக்கில் ஒரு முறை. முதல் விளக்கில் இரண்டு துண்டும் ஒன்றாக இருக்கும். அடுத்ததில் ஒன்று பச்சைப்பக்கம் சாய்ந்துவிடும். துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை.

பகலில் லேபில் நின்றவனும் ராத்திரி வீட்டுக்கு வந்தவனும் ஒரே ஆள்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை. குளத்தங்கரை. நாணல். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைக்கின்றன.

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தொடங்குகிறது. கோவையின் குளங்களை நிறைக்கிறது. சூலூரைத் தாண்டி, திருப்பூர் வழியாக, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. சேரும் ஊருக்கும் நொய்யல் என்றே பெயர்.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்தது. சாயக் கழிவு நிறைந்து நின்றது. விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே வராமல் சுத்திகரித்தால் மட்டுமே திறக்கலாம் என்று ஆனது.

ஆறு இந்த வாரம் என்ன நிறத்தில் போகிறது என்று பார்த்து, பட்டறையில் என்ன ஷேடு ஓடுகிறது என்று கரையில் இருப்பவர்கள் சொல்லிய காலம் ஒன்று இருந்தது.

இன்று தண்ணீர் சாம்பல் நிறம். அதற்குள் வானம். நோட்டை எடுத்து வரவில்லை.

*

வெற்றுத் தாள் எனக்கு ஆகாது. கொஞ்ச நேரத்தில் மனசு கடைப்பக்கம் போய்விடும்.

2005-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. கர்ரி, காஸர் என்ற இருவர் செய்தது. 84 கல்லூரி மாணவர்கள். முதலில் அவர்களைப் பதற்றப்படுத்தும்படி ஒன்றை எழுதச் சொன்னார்கள். பிறகு சிலருக்கு வட்ட வடிவ மண்டலப் படம், சிலருக்குக் கட்டம் போட்ட படம், சிலருக்கு வெற்றுத் தாள். கையில் கலர் பென்சில். மண்டலத்துக்கும் கட்டத்துக்கும் கலர் அடித்தவர்களுக்குப் பதற்றம் நன்றாக இறங்கியது. வெற்றுத் தாள்காரர்களுக்கு அவ்வளவு இறங்கவில்லை.

எல்லை இருக்க வேண்டும் போலிருக்கிறது. ரொம்பச் சுலபமாகவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கஷ்டமாகவும் இருக்கக் கூடாது.

கட்டம் என்றால் எனக்குச் சென்னிமலைப் போர்வை. பட்டை என்றால் பவானி ஜமக்காளம். சிவப்பு, பச்சை, நீலம், ஓரத்தில் கறுப்பு. ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து ஒரு ஜமக்காளத்தையே பக்கத்தில் விரிக்கிறேன். முடிக்க ஒரு வாரம் ஆகிறது. அவசரம் இல்லை.

*

கோட்டுப் பக்கம். மேலே நான்கு சொற்கள்.

பசி. கோபம். தனிமை. அசதி.

ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் கற்றது. குடிக்கத் தோன்றினால் இந்த நான்கில் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் கோடு போடுகிறேன்.

இன்று அசதி.

நேற்றும்.

கீழே இன்னும் ஒரு வரி: மதியம் சாப்பிட்டது அரிசிம்பருப்பு. நெய் வாசம் இன்னும் விரலில்.

*

ஜேம்ஸ் பென்னபேக்கரின் ஆய்வு 1986-ல் வெளிவந்தது. மாணவர்கள், தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம். மனதை வாட்டியதை, அப்போது பட்ட வேதனையோடு சேர்த்து எழுத வேண்டும். எழுதிய அன்று மனம் கனத்தது. அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது.

குடியைப் பற்றிய ஆய்வு அல்ல அது. ஆனாலும் எழுதிய அன்று மனம் கனக்கும் என்பதை யாரோ முன்னமே பார்த்து வைத்திருப்பது எனக்கு உதவுகிறது.

இன்று கனக்கிறது. எழுதியது இரண்டு வரி. அப்பாவின் காரியத்தன்று நான் இருந்த நிலை. மூன்றாவது வரி வரவில்லை.

எதிர்ப்பக்கத்துக்குப் போகிறேன். நீலம்.

*

கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு பல்லி. மேசையில் டீ.

அமெரிக்காவின் அக்ரான் நகரில் 1935-ல் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது இது. ஒருவர் பங்குச் சந்தைக்காரர், ஒருவர் மருத்துவர். 1957-ல் இந்தியாவுக்கு வந்தது. பெயர் வெளியே போகாது. கட்டணம் இல்லை.

பன்னிரண்டு படிகள். நான்காவது படியில் எழுதச் சொல்கிறார்கள். தன் வாழ்க்கையின் கணக்கைத் தானே எழுத வேண்டும், பயப்படாமல். பத்தாவது படி அந்தக் கணக்கை நிறுத்தாமல் தொடரச் சொல்கிறது.

ஒருவர் எழுந்து பேசுகிறார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்" என்று முடிக்கிறார். யாரும் கை தட்டவில்லை. பல்லி நகர்கிறது.

*

பக்கத்து நாற்காலிக்காரர் பவுண்டரியில் மோல்டிங் வேலை செய்தவர். கணபதிப்பக்கம். விரல் ரேகைகளுக்குள் கறுப்பு மண் இன்னும் இருக்கிறது. எத்தனை கழுவினாலும் போகாது என்கிறார்.

நான்காவது படி என்றதும் அவர் தலை குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாகச் சொல்கிறார்.

"எனக்கு எழுதப் படிக்க வராதுங்க."

அடுத்த வாரம் ஒரு ரெக்கார்டு நோட்டும் ஒரு பெட்டி பென்சிலும் அவர் மடியில். வெள்ளைப் பக்கத்தில் ஒரே நிறம். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஆரஞ்சு. உருகிய இரும்பு ஊற்றும் நேரத்து ஆரஞ்சு. அழுத்தி அழுத்தி அடித்ததில் தாள் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

"இது வருதுங்க."

விரலால் தடவிக் காட்டுகிறார். நானும் தடவுகிறேன். வழவழப்பாக இருக்கிறது. கோட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். அது அன்றைக்கு. அவருக்குத் தெரியும்.

*

திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம். அங்கே 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்குகிறார். 1929-ல் அங்கிருந்து ஒரு பத்திரிகை. 'விமோசனம்'. மதுவிலக்குக்காகவே நடத்தியது. துணை ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்தி.

குடியைப் பற்றி மட்டும் எழுதுவதற்கு இரண்டு எழுத்துக்காரர்கள் ஒரு கிராமத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த மேசையை நினைக்கிறேன். மைக்கூடு. இரவில் அரிக்கேன் விளக்கு இருந்திருக்கும். வெளியே அப்போது கள்ளுக்கடை இருந்த ஊர்கள்.

*

1937 அக்டோபர் 1. சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. நாட்டிலேயே முதலில் அங்கேதான். கடைகளிலிருந்து வந்த வருமானம் நின்றது. அதை ஈடு செய்ய 1939-ல் விற்பனை வரி வந்தது.

பிறகு 1971-ல் கடைகள் திறந்தன. 1974-ல் மூடின. 1981-ல் மறுபடி திறந்தன. 2003 நவம்பரிலிருந்து அரசே சில்லறையில் விற்கிறது.

ஒரு மாநிலமும் விடுகிறது, பிடிக்கிறது.

சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் ஒரு செல்போன் கோபுரத்தின் மேல் நின்று கடையை மூடச் சொன்னார். அன்றே இறந்தார்.

இந்தப் பத்தியை எழுதியபின் நெடுநேரம் பேனா மேசையில் கிடக்கிறது.

*

ஈரோடு, 1921. கள்ளுக்கடை மறியல். முன்னால் நாகம்மையும் கண்ணம்மாளும். ஒருவர் பெரியாரின் மனைவி, ஒருவர் தங்கை.

சாமளாபுரம், 2017. சூலூரிலிருந்து பக்கம்தான். கடை வேண்டாம் என்று சாலையில் உட்கார்ந்தவர்களில் நிறையப் பேர் பெண்கள். அடியும் பட்டார்கள்.

அடுப்படியில் அவள் தேங்காய் துருவுகிறாள். துருவலின் சத்தத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. நடுவே நிற்கிறது. மறுபடி தொடங்குகிறது.

*

பழைய பால் கணக்கு நோட்டு ஒன்று அலமாரிக்குள்ளிருந்து வருகிறது. அவளுடைய கையெழுத்து. தேதி, அரை லிட்டர், அரை லிட்டர், முக்கால். சில தேதிகளைச் சுற்றி வட்டம். சில மாதங்களில் நிறைய.

அந்த வட்டங்களை எண்ணவில்லை.

"இது என்ன?"

எட்டிப் பார்க்கிறாள். கையில் துருவிய தேங்காய்.

"அதுங்களா. அன்னிக்கெல்லாம் பால் மிச்சமாயிருச்சுங்க. கணக்குக்குப் போட்டு வெச்சது."

நான் சாப்பிடாமல் படுத்த ராத்திரிகள். காபி வேண்டாம் என்ற காலைகள். அவள் குறித்து வைத்தது பாலை மட்டும்தான்.

நோட்டை இருந்த இடத்தில் வைக்கிறேன். கைக்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. மஞ்சள். பிறகு அதன் மேல் சிவப்பு.

*

சர்க்கரை கேட்கிறது உடம்பு. நிறுத்தியவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள். கருப்பட்டிக் காபி. கடலை மிட்டாய். ராத்திரி சந்தகையில் தேங்காய்ப்பாலும் வெல்லமும்.

நாக்கில் தேங்காய்ப்பால் இறங்குகிறது. அதை மட்டும் கவனித்துச் சாப்பிடுகிறேன்.

*

பேத்தி வந்திருக்கிறாள். பள்ளி லீவு. மேசைக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பெட்டியைக் கவிழ்க்கிறாள்.

எல்லாப் பென்சில்களும் சீவிச் சீவிக் குட்டையாகியிருக்கின்றன. பச்சை ஒரு விரல் நீளம். மஞ்சள் அதையும்விடக் குறைவு. ஒன்று மட்டும் வாங்கிய நீளத்தில்.

"அப்புச்சி, இது மட்டும் ஏன் பெருசா இருக்கு?"

பதில் சொல்வதற்குள் அதை எடுத்து நாய் ஒன்றுக்குக் கலர் அடிக்கத் தொடங்கிவிட்டாள். வால் கோட்டைத் தாண்டிப் போகிறது. காது ஒன்றுதான் இருக்கிறது.

பழுப்பு நிறம் நாயின் மேல் நன்றாகத்தான் இருக்கிறது.

*

ஒரு நாள் எதுவும் உதவுவதில்லை.

கோலம் எரிச்சலாக இருக்கிறது. கோட்டுக்குள் அடிப்பது சின்னப்பிள்ளைத்தனமாகப் படுகிறது. எழுதிய வரியைப் பார்த்தால் பொய்யாகத் தோன்றுகிறது.

கறுப்பை எடுக்கிறேன். பக்கம் முழுக்க. முனை ஒடிகிறது. சீவி மறுபடி. ஒடிகிறது.

தாள் பளபளக்கிறது. விளக்கு அதில் தெரிகிறது.

பக்கத்தில் எழுதுகிறேன்: கோபம். யார் மேல் என்று எழுதவில்லை. ஏ.ஏ. நண்பருக்குப் போன் செய்கிறேன். அவர் வேறு ஏதோ பேசுகிறார். மழை பற்றி. சோளத்தட்டு விலை பற்றி. பேசிக்கொண்டே இருக்கிறார். போதுமாக இருக்கிறது.

*

பவுண்டரிக்காரர் இந்த வாரம் வரவில்லை. போன வாரமும்.

அவர் நாற்காலியில் யாரோ பையை வைத்திருக்கிறார்கள்.

'ஸ்லிப்' என்பார்கள் கூட்டத்தில். வழுக்கியவர் திரும்பி வந்தால் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. டீ கொடுப்பார்கள். எனக்கு இந்த வழக்கம் பிடித்திருக்கிறது. குடி ஒரு நோய். காய்ச்சல் திரும்பியவனை யாரும் திட்டுவதில்லை. குடிநோயாளியை மட்டும் ஊர் திட்டுகிறது, வீடு திட்டுகிறது, அவனும் தன்னைத் திட்டிக்கொண்டு அதற்கும் சேர்த்துக் குடிக்கிறான்.

அவருடைய வீடு எனக்குத் தெரியும். நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பெட்டி பென்சில் வாங்க வேண்டும். ஆரஞ்சு தீர்ந்திருக்கும்.

*

போனேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கண் சிவந்திருக்கிறது. எழுந்து வேட்டியைச் சரிசெய்கிறார்.

"வாங்க. உக்காருங்க."

உட்காருகிறேன். அவர் வீட்டம்மா மோர் கொண்டு வருகிறார். கொத்தமல்லி வாசம். பேச்சு ஒன்றும் இல்லை. தெருவில் ஆட்டுக்குட்டிகள் போகின்றன.

நெடுநேரம் கழித்து உள்ளே போய் நோட்டை எடுத்து வருகிறார். கோட்டுப் பக்கத்தில் கோடுகள், கோடுகள், பிறகு இடைவெளி. இடைவெளியை விரலால் காட்டுகிறார்.

"இங்க ஒண்ணும் போடலீங்க."

அந்த இடத்தில் அவர் எதையும் போட்டு ஏமாற்றவில்லை. அது பெரிய காரியம் என்று நினைக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை.

நாளைக் காலையில் இருவரும் மருத்துவமனைக்குப் போகிறோம்.

*

பத்து மணி. கடை மூடும் நேரம். நண்பகல் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறார்கள். கோவையில் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கிறது. காட்டில் வீசிய பாட்டில்கள் யானைகளின் காலில் குத்தியதால் நீதிமன்றம் சொன்ன ஏற்பாடு. 2022-ல் நீலகிரியில் தொடங்கியது.

யானையின் கால். அந்தத் தடித்த தோலிலும் கண்ணாடி இறங்குகிறது.

தறிகள் இன்னும் ஓடுகின்றன. ஒன்று மட்டும் நிற்கிறது. இழை அறுந்திருக்கும். யாரோ குனிந்து முடிச்சுப் போடுகிறார்கள். மறுபடி ஓடுகிறது.

*

இந்த நோட்டினால்தான் குடியை விட்டேன் என்று சொல்ல மாட்டேன். மருத்துவர் இருந்தார். மாத்திரை இருந்தது. கூட்டம் இருக்கிறது. அவள் இருக்கிறாள். பென்சிலும் நோட்டும் ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே கையைப் பிடித்துக்கொள்கின்றன.

சில நாள் நழுவவும் விடுகின்றன.

*

நோட்டின் முன்னட்டைக்கு உட்புறம். அவள் கையெழுத்தில் இரண்டு எண்கள்.

14446. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண். கட்டணம் இல்லை.

14416. டெலி மானஸ். மனநல உதவிக்கு. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் எடுக்கிறார்கள். தமிழில் பேசலாம்.